விரால் ஏன் மேலே வருகிறது?

கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டிய ஏரி ஓரத்தில் ‘பொளக்’ என்று சத்தம் கேட்டு ஒரு குமிழி மட்டும் மிஞ்சினால், அது பெரும்பாலும் விரால்தான். இரைக்காக அல்ல, காற்றை விழுங்கத்தான் அது மேலே வந்திருக்கும்.

செவுளுக்கு மேலே, தலையின் இரு பக்கமும் விராலுக்கு ஒவ்வோர் அறை உண்டு. உட்சுவர் மடிப்பு மடிப்பாக, நுண்ணிய ரத்தக் குழாய்கள் நிறைந்திருக்கும். விழுங்கிய காற்று அங்கே தங்க, ஆக்சிஜன் ரத்தத்தில் சேர்கிறது. கார்பன் டை ஆக்சைடின் பெரும்பகுதி செவுள் வழியாகவே நீரில் கரைகிறது. செவுள் சிறுத்திருப்பதும் நல்லதற்கே: ஆக்சிஜன் குறைந்த நீரில் பெரிய செவுள் இருந்தால், காற்றில் வாங்கியது நீருக்குள் கசிந்துவிடும். கெண்டை செத்து மிதக்கும் கலங்கல் குட்டையிலும் விரால் பிழைப்பது இதனால்தான். ஆனால் வளர்ந்த விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. மேலே வர வழியில்லாவிட்டால் நல்ல தண்ணீரிலும் மூச்சடைத்துச் சாகும்.

வீராணம் போன்ற ஏரிகளில் தூண்டில் போட, முதலில் மீன்பிடி குத்தகைதாரரிடம் அனுமதி கேளுங்கள். பாசிக்குள் போடுவதற்கு உள்ளீடற்ற ரப்பர் தவளை நல்லது. இரட்டை முள்ளின் நுனிகள் அதன் முதுகை ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் பாசி சிக்காது. மீன் கவ்வும்போது ரப்பர் நசுங்கி முள் வெளியே வரும். ஆறரை, ஏழு அடி ராடும் (தூண்டில் கம்பு), 30 முதல் 50 பவுண்டு தாங்கும் பிரெய்டும் (பின்னிய தூண்டில் நரம்பு) வேண்டும். கடித்த விரால் நேரே வேருக்குள் பாயும். மெல்லிய நரம்பு அங்கே அறுந்துவிடும். குமிழி வந்த இடத்தைத் தாண்டிப் போட்டு, மெதுவாக இழுத்து, பாசி விலகிய இடங்களில் நிறுத்துங்கள். தண்ணீர் சிதறியதும் வெட்டி இழுப்பதால்தான் பலருக்கு மீன் தப்புகிறது: தவளை இன்னும் உதட்டில்தான் இருக்கும். ஓரிரு விநாடி பொறுத்து, நரம்பு இறுகியதும் ஓங்கி இழுங்கள்.

பிடித்ததை உயிரோடு வைக்க, வலைப்பையை முழுக்க நீருக்குள் அமிழ்த்தாதீர்கள். அதிலேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். வாளியில் பாதித் தண்ணீர் போதும். துளையிட்ட மூடி கட்டாயம், துள்ளி வெளியே வந்துவிடும். திரும்ப விடுவதானால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். உலர்ந்த கை உடம்பின் வழவழப்பை உரித்துவிடும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும்.

மழைக்காலத்தில் மட்டும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் திரளாகத் திரியும். காற்றுக்காக அவை மேலே வரும்போது, நீர்ப்பரப்பில் அந்த ஓரிடத்தில் மட்டும் தூறல் விழுவதுபோல் இருக்கும். அடியில் தாயோ தந்தையோ காவல் நிற்கும். அதன்மேல் தவளையைப் போட்டால் நிச்சயம் கடிக்கும், பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. சுலபமான மீன் என்று பலர் அதைத்தான் தேடிப் போகிறார்கள். காவல் போனால் அந்தக் குஞ்சுகளைக் கெளுத்தியும் ஜிலேபியும் தின்று தீர்த்துவிடும். தூறல் தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு கரைக்குப் போய்விடுங்கள். தெரியாமல் மாட்டியிருந்தால் முள்ளைக் கழற்றி அதே இடத்தில், அப்போதே விட்டுவிடுங்கள்.