பாக் சோய்: சரியான ‘ப’ நம்மிடம்தான்

பாக் சோய் என்ற இந்தச் சீனக் கீரையின் பெயரை அமெரிக்கர்கள் ‘பஸ்’ஸில் வரும் ப-வில் தொடங்குவார்கள், பிரிட்டன்காரர்கள் ‘பேனா’வின் ப-வில். தெற்குச் சீனாவின் குவாங்டாங் பகுதியில் பேசும் காண்டனீஸ் மொழியில் ‘பாக்’ என்றால் வெள்ளை, ‘சோய்’ என்றால் கீரை அல்லது காய்கறி. 19-ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதி மக்கள் பிழைப்புத் தேடிக் கலிஃபோர்னியாவுக்குக் கப்பலேறினார்கள். சீனத் தலைநகரின் மொழியை விட்டுக் காண்டனீஸ் பெயர் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது அப்படித்தான்.

எந்த ப சரி? இரண்டுமே அரைகுறை. ஆங்கிலேயர் ‘பேனா’வின் ப-வைச் சொல் முதலில் உச்சரித்தால் கூடவே காற்றும் பீய்ச்சும். ‘பஸ்’ஸின் ப-வோ குரலின் அதிர்வோடு வருவது. காண்டனீஸில் அதிர்வும் இல்லை, காற்றும் இல்லை. உதட்டருகே ஒரு தாளைப் பிடித்து ‘பால்’ என்று சொல்லுங்கள். தாள் அவ்வளவாக அசையாது. அந்த ப-தான் இது.

வெள்ளை என்பது காம்பு. இலையில் நிறைந்திருக்கும் பச்சையம் அகன்ற காம்பில் மிகக் குறைவு. அங்கே இருப்பது நீர் ததும்பும் செல்கள். கடித்தால் நறுக்கென்று உடைவது அதனால்தான். காம்பும் பச்சையாக உள்ள ரகத்துக்கு ஜப்பானியர் ‘சிங்கென்சாய்’, அதாவது பச்சைக்காம்புக் கீரை என்று பெயர் வைத்தார்கள். ‘வெள்ளைக் கீரை’ என்ற அதே இரண்டு சீன எழுத்துகள் ஜப்பானில் ‘ஹகுசாய்’. அதிலிருந்தே பிறந்த கொரியச் சொல் ‘பேச்சு’ (ஆம், நம் பேச்சு போலவே ஒலிக்கும்). ஆனால் அவர்கள் அந்தப் பெயரால் குறிப்பது கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாய் போடும் நீண்ட சீன முட்டைக்கோஸை.

நம் முட்டைக்கோஸ் வேறு இனம். அதற்கு 18 குரோமோசோம்கள். பாக் சோய், சீன முட்டைக்கோஸ், டர்னிப் மூன்றும் ‘பிராசிக்கா ராப்பா’ என்ற ஒரே இனம்; 20 குரோமோசோம்கள். 16 கொண்ட கருங்கடுகோடு அந்த இனம் கலந்து பிறந்ததுதான் நம்மூர்க் கடுகு: 36. பாக் சோயின் உறவு நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது.

நறுக்கும்போது வரும் இலேசான கடுகு நெடியும் அந்த உறவின் அடையாளம். செல் உடைந்ததும் மைரோசினேஸ் என்ற நொதி, குளுகோசினோலேட் என்ற கந்தகச் சேர்மத்தைச் சிதைக்கிறது. அதில் உண்டாகும் சில பொருள்கள் தைராய்டு சுரப்பி அயோடின் எடுப்பதைத் தடுக்கக்கூடியவை. சாதாரணமாகச் சாப்பிடும் அளவுக்குப் பயமில்லை. ஆனால் 2010-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த சம்பவம் இது: நீரிழிவு கட்டுப்படும் என்று நம்பி, 88 வயது மூதாட்டி ஒருவர் மாதக்கணக்கில் தினமும் 1 முதல் 1.5 கிலோ வரை பாக் சோயைச் சமைக்காமல் பச்சையாகவே தின்று, தைராய்டு செயலிழந்து நினைவிழக்கும் நிலைக்குப் போனார்.

சூட்டில் அந்த நொதி பெருமளவு செயலிழந்துவிடும். வாணலியில் காம்பை முதலில் போடுங்கள். ஒரு நிமிடம் கழித்து இலை.