வெயிலுக்குக் கெட்டியான ஆயில் ஊற்றலாமா?

வெயில் ஏறத் தொடங்கியதும் என் மோட்டார் சைக்கிள் பட்டறையில் நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: “வண்டி பழையது, சூடு தாங்கவில்லை. கொஞ்சம் கெட்டியான ஆயிலாக ஊற்றிவிடலாமா?” பதில் சொல்வதற்கு முன் நான் இன்ஜினில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் துடைத்து ஒரு முறை உள்ளே விட்டு எடுத்துப் பார்ப்பேன். பாதிப் பேருக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடுகிறது.

சென்ற கோடையில் ஒருவர் டேப்பெட் சத்தம் (இன்ஜின் தலையில் வால்வுப் பக்கம் எழும் டக்டக்) தாங்கவில்லை என்று வந்தார். நண்பர்கள் கெட்டி ஆயில் போடச் சொன்னார்களாம். டிப்ஸ்டிக்கின் நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை. வடித்து அளந்தபோது இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு காணோம். காரில் மூன்று, நான்கு லிட்டர் ஆயில் இருக்கும். சிறிய மோட்டார் சைக்கிளில் இருப்பது ஏறக்குறைய ஒரு லிட்டர். பெரும்பாலான வண்டிகளில் பிஸ்டன், வால்வுகளைத் திறக்கும் கேம், கியர்பாக்ஸ், கிளட்ச் எல்லாம் அந்த ஒரே லிட்டரைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. காற்றில் குளிரும் இன்ஜினில் உள்ளே எழும் சூட்டைச் சுமந்து வெளியேற்றுவதும் அதே ஆயில். முந்நூறு மில்லி குறைந்தால் மிச்சமிருப்பது அத்தனை வேலையையும் செய்ய வேண்டும். சிக்னலில் காற்று வீசாமல் நிற்கும்போது அது எப்படிக் கொதிக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, அளவு சரியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டப்பாவில் உள்ள எண்களைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். 20டபிள்யூ-50 என்பதில் முன்னால் இருக்கும் 20, குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் குறிப்பது. கோடைக்கும் அதற்கும் தொடர்பில்லை. நூறு டிகிரி செல்சியஸில் பாகுத்தன்மை, அதாவது கெட்டி, எப்படி இருக்கும் என்பதைப் பின்னால் வரும் எண் சொல்கிறது. 40 என்றால் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு) வரை. 50 என்றால் அதற்கு மேல் 21.9 வரை. ஆகவே 15டபிள்யூ-50 ஆயிலும் 20டபிள்யூ-50 ஆயிலும் சூட்டில் ஒரே வகுப்புதான்.

உங்கள் வண்டியின் கையேட்டில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ற கிரேடு (இந்த எண் வகுப்பு) அட்டவணை இருந்தால், அதில் வெயிலுக்குச் சொன்னதைத் தயங்காமல் ஊற்றுங்கள். 20டபிள்யூ-40 சொல்லப்பட்ட இன்ஜினில் 50 அனுமதிக்கப்பட்டிருந்தால், தேய்ந்த பழைய வண்டிக்குக் கோடையில் அதையே நானும் தேர்ந்தெடுப்பேன். ஆனால் 10டபிள்யூ-30 மட்டுமே சொல்லப்பட்ட இன்ஜினில் ஒரேயடியாக 50க்குத் தாவாதீர்கள். அதன் ஆயில் வழிகளும் பம்பும் மெல்லிய ஆயிலுக்காக அளந்து செய்யப்பட்டவை. காலையில் கிக்கரை உதைத்ததும் மேலே கேமுக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும்; அந்தச் சில நொடிகளில்தான் தேய்மானம். சத்தம் குறைந்தது போலத் தோன்றும். தேய்ந்த இடம் தேய்ந்தபடியேதான் இருக்கும்.

கிரேடைவிட எனக்கு அதிகக் கவலை தருவது கார் ஆயில். வீட்டில் மீந்ததை ஊற்றிவிட்டு, கியர் போட்டால் இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை என்று வருகிறார்கள். ‘எரிபொருள் சிக்கனம்’ என்று அச்சிட்ட பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. ஆயிலில் நனைந்து வேலை செய்யும் நம் கிளட்ச் தட்டுகளுக்கோ உராய்வுதான் உயிர். இதற்காகவே 1998இல் ஜப்பானில் ஜாசோ என்ற தரக்குறியீடு வந்தது. டப்பாவின் பின்புறம் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று பாருங்கள். எம்பி என்பது நனையாத கிளட்ச் கொண்ட ஸ்கூட்டர்களுக்கானது.

செயற்கையாகத் தயாரிக்கும் சிந்தெடிக் ஆயில் நல்லதுதான், சூட்டில் சீக்கிரம் கெடாது. ஆனால் காகித வடிகட்டி இல்லாமல் சல்லடை மட்டுமே உள்ள பழைய இன்ஜினில், விலை கூடிய ஆயிலை நெடுநாள் ஓட்டுவதைவிட கச்சா எண்ணெயிலிருந்து வரும் சாதாரண மினரல் ஆயிலை அடிக்கடி மாற்றுவதே மேல். கியர் பற்களின் நசுக்கலில் எந்த ஆயிலும் நாளடைவில் மெலியும். நெரிசலில் ஓடும் வண்டியில் இன்னும் விரைவாக. கருப்பாகிவிட்டது என்று பதற வேண்டாம், கரியைச் சுமப்பதும் அதன் வேலை. பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

“என் வண்டியில் ஆயில் குறைவதே இல்லை, ஏறித்தான் இருக்கிறது” என்று ஒருவர் மகிழ்ச்சியாகச் சொன்னார். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்தேன், பெட்ரோல் வாடை. கார்புரேட்டரில் பெட்ரோல் வரத்தை அடைக்கும் மிதவை ஊசி தேய்ந்து, இரவெல்லாம் பெட்ரோல் கசிந்து இன்ஜினுக்குள் இறங்கியிருந்தது. அந்த நிலையில் எந்தக் கிரேடும் தண்ணீராகத்தான் ஓடும். ஊசியை மாற்றிவிட்டுத்தான் புது ஆயில் ஊற்றினேன்.

அளவு பார்க்க வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் விடுங்கள். டிப்ஸ்டிக்கைத் திருகிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினால் ஆயில் நுரைத்துவிடும். சரியான ஆயில் போட்டும் அளவு இறங்கி, நீலப்புகை வந்தால், எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு ஊற்றினீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். பிஸ்டன் ரிங் போயிருக்கிறதா, வால்வு சீல் போயிருக்கிறதா என்று தேடும் மெக்கானிக்குக் கம்ப்ரஷன் சோதனையோடு (சிலிண்டரின் அழுத்தத்தை அளப்பது) அந்தத் தாளும் வேண்டும்.