ஏறப் பழகுமுன் இறங்கப் பழகுங்கள்

மலையேற்றம் பழக வரும் பிள்ளைகள் முதல் நாளே கேட்டுவிடுவார்கள்: “சேர், இராவணன் வெட்டில கயிறு போட்டு இறங்கலாமா?” முடியாது. அது திருகோணமலைக் கோணேசர் சந்நிதி, கீழே கடல். நான் தொடங்குவது ஊருக்கு வெளியே ஆள் உயரப் பாறையில். அதில் ஏற நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நேரம் முழுக்க இறங்கத்தான் போகும்.

ஏறும்போது கை பாறையைப் பிடித்திருக்கிறது, முடிச்சில் பிழை இருந்தாலும் தெரியாது. இறங்கும்போதுதான் முழு எடையும் கயிற்றுக்குப் போகிறது, அதுவும் உடம்பு களைத்த நேரத்தில். 1989இல் பிரான்சில் லின் ஹில்லுக்கு இதுதான் நடந்தது. அவர் உலகின் முன்னணி வீராங்கனை. கயிற்றை இடுப்புப்பட்டியில் கோத்தவர், கவனம் வேறெங்கோ போக, முடிச்சை முடிக்காமலே ஏறிவிட்டார். மேலே போய், இறங்குவதற்காகப் பின்னால் சாய்ந்ததும் விழுந்தார். ஒரு மரம் தாங்கியதால் உயிர் தப்பினார்.

ஆகவே கயிற்றை இடுப்புப்பட்டியோடு சேர்க்கும் 8 வடிவ முடிச்சுப் போடும் ஆளோடு யாரும் கதைக்கக் கூடாது. போட்டு முடித்ததும் இழைகளை எண்ண வேண்டும்: இரண்டிரண்டாக ஐந்து சோடி. மிச்ச நுனி ஒரு சாணாவது இருக்கட்டும். அப்புறம் கூட்டாளி கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்: இடுப்புப்பட்டி, முடிச்சு, கராபினர் என்ற கதவுள்ள உலோகக் கொக்கியின் திருகு, ஹெல்மெட் வார். அண்ணனும் தம்பியும் சோடியாக வந்தால் இந்தச் சோதனை நடக்காது. “அண்ணாவுக்குத் தெரியாததா” என்று தம்பி விட்டுவிடுவான். அவர்களைப் பிரித்துத்தான் விடுவேன். நான் கட்டியதையும் பிள்ளைகள் இழுத்துப் பார்க்க வேண்டும், சேர் என்ற மரியாதையெல்லாம் கயிற்றில் கிடையாது.

கயிற்றில் இறங்கும்போது அதன் இரண்டு நுனியிலும் முடிச்சு இருக்க வேண்டும். தரையை எட்டும் என்று நினைத்த கயிறு எட்டாவிட்டால், முடிச்சில்லாத நுனி, இறங்கும் கருவியிலிருந்து உருவிக்கொண்டு போய்விடும்.

கடற்கரை ஊர் என்பதால் நமக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு: உப்பு. கராபினரின் பக்கத்தில் எண்கள் பொறித்திருக்கும். நீளவாக்கில் 20 கிலோநியூட்டனுக்குக் குறையாமல், அதாவது ஏறக்குறைய இரண்டு தொன் எடையைத் தாங்கும். கதவு திறந்திருந்தால் அதே கராபினருக்கு வெறும் 7 கிலோநியூட்டன்தான் போட்டிருக்கும். உப்புக்காற்றில் அலுமினியம் பூத்து, ஸ்பிரிங் இறுகி, கதவு பாதியில் நிற்பதை உப்புவெளி என்ற ஊரில் வீட்டு முற்றத்தில் தொங்கவிட்ட கராபினர்களில் அடிக்கடி பார்க்கிறேன். நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, கதவைப் பத்துத் தரம் திறந்து மூடிப் பாருங்கள். ஒரு தரம் சிக்கினாலும் அது திறப்புக் கோர்வைக்குத்தான் உதவும்.

“வள்ளம் கட்டுற கயிறு வீட்டில இருக்கே சேர்” என்பது அடுத்தது. வேண்டாம். மலையேற்றக் கயிறு விழுபவரோடு சேர்ந்து நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். வள்ளக் கயிறு அப்படி நீளாது, அந்த அதிர்ச்சி முழுக்க முதுகெலும்புக்கு வரும். வெயிலில் கிடந்து நைந்த கயிறென்றால் சொல்லவே வேண்டாம்.

இமயமலைப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. இலங்கையின் ஆக உயர்ந்த மலையான பீதுருதாலகாலவே 2,524 மீற்றர்தான் என்பதால், உயரத்தில் காற்று மெலிவதால் வரும் உயரநோயை இங்கே பார்த்துப் பழக வழியில்லை. 3,000 மீற்றருக்கு மேல் போனால், படுக்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீற்றருக்கு மேல் உயர்த்தக் கூடாது. தலையிடி வந்தால் மேலே போகாதீர்கள். நடை தள்ளாடினால், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், விடியும்வரை காத்திராமல் இறங்க வேண்டும். 2016இல் இலங்கையின் ஜயந்தி குரு-உதும்பால எவரெஸ்ட் உச்சியைத் தொட்டபோது, கூடப் போன ஜொஹான் பீரிஸ் 8,400 மீற்றரில் ஒக்சிசன் சிக்கலால் திரும்பிவிட்டார். 2018இல் மறுபடி போய் உச்சியைத் தொட்டார்.

நம் பிள்ளைகள் தலையிடியை மறைப்பார்கள், வீட்டில் கடன்பட்டு அனுப்பியிருப்பார்கள் அல்லவா? அதனால் புறப்படுமுன் தாய் தகப்பனோடு நான் கதைப்பது வழக்கம்: பாதியில் திரும்பி வந்தால் காசைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கக் கூடாது, அதைப் பிள்ளைக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.