முதல் பாக்ஸிங் வகுப்பு: வாங்குவதற்கு முன் கழற்ற வேண்டியவை

விளையாட்டுக் காயங்களுக்குப் பிசியோதெரபி பார்ப்பது என் வேலை. பாக்ஸிங், கராத்தே, ஜூடோ என்று சேர்ந்த புதிதில் என்னிடம் வருகிறவர்களில் பலர் எதிராளியிடம் அடி வாங்கி வருவதில்லை. மணிக்கட்டு வலி, கணுக்கால் பிசகு, பிய்ந்த நகம், தோலில் படர்தாமரை என்று வருகிறார்கள். எப்படி ஆனது என்று கேட்டுக்கொண்டே போனால், பேச்சு அன்றைக்குப் போட்டிருந்த ஷூவிலோ கழற்றாமல் விட்ட மோதிரத்திலோ போய் நிற்கும். அதனால், "நாளைக்கு முதல் வகுப்பு, என்னென்ன வாங்கட்டும்?" என்று யார் கேட்டாலும், என்னென்ன கழற்ற வேண்டும் என்பதிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

மோதிரம் முதலில். ஜூடோ மாதிரி ஒருவர் உடையை ஒருவர் பிடித்து இழுக்கும் கலைகளில் மோதிரம் துணியில் மாட்டிக்கொண்டால், உடம்பு ஒரு பக்கம் போகும், விரல் ஒரு பக்கம் நிற்கும். அந்த இழுப்பில் மோதிரம் விரலின் தோலை ரத்தக்குழாயோடும் நரம்போடும் சேர்த்து உரித்துவிடக்கூடும். விரலையே எடுக்க வேண்டி வந்தவர்களும் உண்டு. பாக்ஸிங்கில்தான் கிளவுஸ் போடுகிறோமே என்று நினைக்காதீர்கள். உள்ளே விரல் வீங்கினால் மோதிரம் கழலாது, ரத்த ஓட்டத்தை இறுக்கிப் பிடிக்கும். கல்யாண மோதிரம் என்றாலும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டே போங்கள். செயின், வளையல், வாட்ச், தோடு, மூக்குத்தி எல்லாவற்றுக்கும் இதேதான். தோட்டின் மேல் பிளாஸ்திரி ஒட்டினால் அது எதிலும் மாட்டாது, சரி. ஆனால் காதில் ஒரு அடி விழுந்தால் தோட்டின் முனை தோலுக்குள் இறங்குவதைப் பிளாஸ்திரி தடுக்காது. புதிதாகக் காது, மூக்கு குத்தியிருந்தால் புண் ஆறிய பிறகு சேருங்கள்.

அப்புறம் நகம். உள்ளங்கையை உங்கள் முகத்தைப் பார்த்தபடி வைத்துக்கொள்ளுங்கள். விரல் நுனிக்கு மேலே நகம் எட்டிப் பார்த்தால் வெட்ட வேண்டும். கால் நகத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வெறுங்காலில் உதை பழகும்போது கூட இருப்பவரின் தோலைக் கிழிப்பது அதுதான். நீளமான முடியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். உலோகக் கிளிப், ஹேர்பின் வேண்டாம்.

துணி விஷயத்தில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. சாதாரண டி-ஷர்ட், ஷார்ட்ஸ் அல்லது டிராக் பேன்ட் போதும். ஜிப்பும் பாக்கெட்டும் இல்லாததாகப் பாருங்கள். கட்டிப் புரளும் கலைகளில் அடுத்தவரின் விரல் பாக்கெட்டுக்குள் மாட்டி முறியலாம், ஜிப் தோலைக் கீறும். பருத்தி வியர்வையை உறிஞ்சிக் கனத்துவிடும் என்றாலும் முதல் நாளுக்கு அது குறையே இல்லை. வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள்: முழுக்க உட்கார்ந்து எழுங்கள், முழங்காலை நெஞ்சு வரை தூக்குங்கள், இரண்டு கையையும் தலைக்கு மேல் உயர்த்துங்கள். எங்கேயாவது இழுத்தாலோ, விலகினாலோ வேறு துணிக்கு மாறுங்கள். பெண்களுக்குக் கம்பியும் உலோகக் கொக்கியும் இல்லாத ஸ்போர்ட்ஸ் பிரா வசதி. உடம்பை முழுக்க மூடிய உடைதான் வேண்டும் என்பதற்காகத் தயங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். முழுக்கை டி-ஷர்ட்டும் உடம்போடு ஒட்டிய லெகிங்ஸும் பாக்ஸிங்குக்கு எந்த இடைஞ்சலும் செய்யாது. சர்வதேசப் போட்டிகளிலேயே 2019 முதல் ஹிஜாபும் முழு உடையும் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன.

ஒரு உடையை மட்டும் போடவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். எடை குறைய வேண்டும் என்று, காற்றுப் புகாத பிளாஸ்டிக் ஸ்வெட் சூட்டோடு பாக்ஸிங் வகுப்புக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். அந்த உடைக்குள் வியர்வை ஊற்றும், ஆனால் ஆவியாகாது. உடம்பின் சூடு ஏறிக்கொண்டே போகும். குறைகிற எடையும் தண்ணீர்தான், குடித்தவுடன் திரும்பிவிடும். 1997-இல் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர், இந்த மாதிரி உடையோடு உடற்பயிற்சி செய்து அவசரமாக எடை குறைக்கப் போய், ஏறக்குறைய ஒரு மாத இடைவெளிக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் அதற்குப் பிறகு அந்த உடையைத் தடை செய்துவிட்டார்கள். அவர்கள் பல வருடம் பழகிய வீரர்கள். முதல் நாள் வரும் உங்கள் உடம்புக்கு அந்தப் பழக்கமும் கிடையாது.

காலுக்கு வருவோம். கராத்தே, ஜூடோ, டேக்வாண்டோ வகுப்புகளில் வெறுங்கால்தான். பாக்ஸிங்கில் ஷூ வேண்டும், ஆனால் ஓடுவதற்கென்று வாங்கிய ஷூ அதற்குச் சரிப்படாது. வலது கைக்காரர் வலது கையால் நேராகக் குத்தும்போது பின்னங்காலின் குதிகால் எழும்பி, முன்பாதத்தின் மேல் கால் சுழல வேண்டும். அந்தச் சுழற்சியிலிருந்துதான் குத்துக்கு வலு வருகிறது. ஓட்ட ஷூவின் அடிப்பகுதி தரையை முன்னும் பின்னுமாகக் கவ்விப் பிடிப்பதற்காகச் செய்தது. பாதம் தரையில் ஒட்டி நிற்க, இடுப்பு மட்டும் திரும்பும். அந்த முறுக்கு முழங்காலில் இறங்கும். பஞ்சுபோல உயர்ந்த குதிகால் வேறு, பக்கவாட்டில் நகரும்போது கணுக்காலைப் புரட்டிவிடும். இதற்காக முதல் நாளே பாக்ஸிங் ஷூ வாங்கத் தேவையில்லை. அடிப்பகுதி தட்டையாகவும் மெல்லியதாகவும் இருக்கும் பழைய கேன்வாஸ் ஷூ போதும். வெளியே போட்டு நடந்த ஷூவோடு மட்டும் உள்ளே போகாதீர்கள்.

காசு செலவு செய்வதென்றால் ஹேண்ட் ராப்புக்கு, அதாவது கிளவுஸுக்குள்ளே கையில் சுற்றிக்கொள்ளும் நீளமான துணிப்பட்டைக்குச் செய்யுங்கள். கிளவுஸை வகுப்பில் கடன் கொடுப்பார்கள். பலர் வியர்வை இறங்கிய அந்தக் கிளவுஸுக்கும் உங்கள் தோலுக்கும் நடுவே இருக்கப்போவது இந்தத் துணிதான். அதைவிட முக்கியம், உள்ளங்கையில் இருக்கும் 5 நீள எலும்புகளையும் மணிக்கட்டையும் அது ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கிறது. புதியவர்கள் குத்தும்போது முஷ்டி சாய்ந்து, சுண்டுவிரல் பக்கம் குத்திப் பழகும் பையில் படும். சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் எலும்பின் கழுத்துப் பகுதி முறிவது இப்படித்தான். கடையில் ஏறக்குறைய 2.75 மீட்டர், 4.5 மீட்டர் என இரண்டு நீளங்கள் கிடைக்கும். கை மிகச் சிறியதாக இருந்தாலொழிய 4.5 மீட்டரே வாங்குங்கள். சின்னதில் மணிக்கட்டைச் சுற்றியதும் துணி தீர்ந்துவிடும். கட்டைவிரலைத் துணியின் முனையில் இருக்கும் வளையத்துக்குள் நுழைத்து, விரல்களை நன்றாக விரித்து வைத்துக்கொண்டே சுற்ற வேண்டும். முஷ்டியை மூடினால் கெட்டியாகவும், திறந்தால் தளர்வாகவும் இருக்க வேண்டும். விரல் மரத்தாலோ நுனி நிறம் மாறினாலோ அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். முதல் தடவை கோச்சிடம் கை நீட்டிக் கட்டிவிடச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

பல் கவசம், தலைக்கவசம் எல்லாம் நேருக்கு நேர் மோதிப் பழகும் கட்டத்தில் வாங்கலாம். கராத்தே, ஜூடோ வெள்ளை உடையையும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். ஒவ்வொரு கலைக்கும் அதன் துணியும் தடிமனும் வேறு. மாஸ்டரிடமே கேட்டு வாங்குவது நல்லது. கண்ணாடி போடுகிறவர்கள் அதையும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

தரையில் விரித்த மேட்டில் (மெத்தை விரிப்பில்) உருண்டு பழகும் வகுப்புகளில் தோல்நோய் சீக்கிரம் பரவும். படர்தாமரையோ, சீழ் வைத்த கொப்புளமோ, ஆறாத புண்ணோ இருந்தால் மூடிக்கொண்டு போகலாம் என்று நினைக்காமல் மருத்துவரைப் பாருங்கள், அதுவரை மேட்டில் இறங்காதீர்கள். பையில் ஒரு ஜோடி செருப்பு இருக்கட்டும். வெறுங்காலோடு கழிப்பறைக்குப் போய்விட்டு அதே காலோடு மேட்டில் ஏறுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். வகுப்பு முடிந்ததும் தாமதிக்காமல் சோப்புப் போட்டுக் குளியுங்கள். ஈரத் துணியையும் ஹேண்ட் ராப்பையும் பைக்குள்ளேயே சுருட்டி வைக்காமல் அன்றைக்கே துவைத்து விரித்துக் காயப்போடுங்கள். முழுக்கக் காயாத ராப்பை மறுநாள் கையில் சுற்ற வேண்டாம்.