மாடி எழுப்பிய பிறகு பிளான் கேட்டு வராதீர்கள்

போன வாரம் வில்லாபுரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாடியில் கான்கிரீட் போட்டு, பூச்சு வேலையும் முடித்துவிட்டார்கள். வீட்டின் பேரில் கடன் கேட்டபோது, மாடிக்கு அப்ரூவல் எங்கே என்று வங்கியில் நிறுத்திவிட்டார்கள். "தேதியை முன்னால போட்டு ஒரு பிளான் வரைஞ்சு குடுங்க சார்" என்கிறார் பெரியவர். அப்படி யாரும் கொடுக்க முடியாது. கொடுக்கிறேன் என்பவரை நம்பவும் வேண்டாம்.

அவர் கையில் இருந்தது வீட்டு வரி ரசீது. "மாடிக்கும் சேர்த்துத்தானே சார் வரி வாங்குறாங்க?" என்றார். மதுரையில் பாதிப் பேர் இதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வரி என்பது கட்டடம் இருக்கிறது என்பதற்காக வாங்குவது. அது விதிப்படி கட்டியதா என்று வரி ரசீது சொல்லாது. அனுமதி இல்லாத கட்டடத்துக்கும் வரி போடுவார்கள். அதனால் அது அனுமதி பெற்றதாக ஆகிவிடாது. பட்டா, பத்திரம், கரண்ட் பில் எல்லாமே அப்படித்தான். இடம் உங்களுடையது, சரி. அதன்மேல் எவ்வளவு கட்டலாம் என்பதை 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள்தான் சொல்கின்றன. கீழ்த்தளத்துக்கு அப்பா காலத்தில் வாங்கிய பிளானும் மாடிக்குச் செல்லாது.

இன்னொரு தொல்லை மாடிப்படி. உள்ளே இடம் இல்லையென்று விதிப்படி பக்கவாட்டில் காலியாக விட வேண்டிய இடத்தில் படியை இறக்கிவிடுகிறார்கள். நான் பார்க்கும் மீறல்களில் அதிகம் இதுதான்.

2024இல் சுயசான்றுத் திட்டம் வந்தது. அதாவது, விதிப்படிதான் கட்டுகிறேன் என்று நீங்களே உறுதி சொல்லி அனுமதி வாங்குவது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. நல்ல திட்டம். ஆனால் சொல்வது பொய்யானால் பொறுப்பு உங்களுடையது, அனுமதியும் ரத்தாகும். பழைய வீட்டின் மேல் எழுப்புவதற்கு அது பொருந்துமா என்று நீங்களாக முடிவு செய்யாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. மாசி வீதி, வெளி வீதிக்காரர்கள் இதை மறந்துவிட்டுத்தான் மூன்றாவது மாடி பற்றிப் பேசுகிறார்கள். புறநகரில் அங்கீகாரமில்லாத மனை வாங்கியவர்கள், முதலில் மனையை வரன்முறை செய்யாமல் (அரசிடம் முறைப்படுத்தி அங்கீகாரம் வாங்காமல்) கட்டட அனுமதிக்கு விண்ணப்பித்துப் பயனில்லை.

பிளான் ஒருபுறம் இருக்கட்டும், கீழ்வீடு தாங்குமா? பில்லர் இல்லாத, வெறும் செங்கல் சுவரில் நிற்கும் வீடு என்றால் அஸ்திவாரத்தை ஒரு மூலையில் தோண்டிப் பார்த்தாக வேண்டும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் என்றால் கட்டாயம். பிற்காலத்துக்கென்று மொட்டைமாடியில் நீட்டிவிட்ட கம்பி பல வருடம் மழையில் நனைந்து துருவேறியிருக்கும். மேஸ்திரி தட்டிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்பார். அதை அப்படியே ஏற்காதீர்கள்.

தயவுசெய்து, மேஸ்திரிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வாருங்கள். பத்திரம், பட்டா, பழைய பிளான் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். பழைய பிளான் தொலைந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அனுமதி கைக்கு வந்தபின் சென்ட்ரிங் அடிக்கலாம்.