பிரான்சைஸ்: கிளையா, முகமையா, உரிமையா?

பகிர்வுப் பணியிடம், அதாவது பலருக்கும் மேசைகளை வாடகைக்கு விடும் பொது அலுவலகம் (கோவொர்க்கிங்), நடத்தும் நிறுவனங்களின் விளம்பரங்களில் ‘பிரான்சைஸ் எடுங்கள்’ என்பதும் ‘முதலீடு செய்யுங்கள்’ என்பதும் ஒரே மூச்சில் வருகின்றன. இரண்டும் ஒன்றல்ல. பங்கு வாங்கினால் நிறுவனத்தில் உங்களுக்கு ஒரு பகுதி சொந்தம். பிரான்சைஸ் எடுத்தால் அந்த நிறுவனத்தில் ஒரு துரும்புகூட உங்களுடையதாகாது. அதன் பெயரையும் நடத்தும் முறையையும் குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்தலாம், அவ்வளவுதான்.

சொல்லின் வேர் பழைய பிரெஞ்சில் இருக்கிறது. ‘பிரான்’ என்றால் கட்டற்றவர். பிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது. ‘பிரான்சைஸ்’ முதலில் விடுதலையையும் விலக்கையும் குறித்தது. பிறகு, சந்தை கூட்டவோ சுங்கம் வசூலிக்கவோ ஒருவருக்கு மட்டும் மன்னர் கொடுக்கும் சலுகைக்குப் பெயரானது. வாக்குரிமை என்ற பொருளும் இதே சொல்லுக்கு உண்டு. வணிகப் பொருள் பிந்தியது. விடுதலையைக் குறித்த சொல், இன்று நாற்காலியின் நிறத்தைக்கூட அடுத்தவர் முடிவு செய்யும் ஒப்பந்தத்துக்குப் பெயராக நிற்பது வேடிக்கைதான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘முகமை’ பொருந்தாது, முகவர் இன்னொருவர் சார்பில் செயல்படுபவர், இங்கே கடையும் கடனும் உங்களுடையவை. ‘வணிக உரிமம்’ என்றால் அரசு அலுவலகத்தில் வாங்கும் சீட்டு என்று தோன்றும். ‘தனியுரிமை’யை அந்தரங்கம் பற்றிய பேச்சு எடுத்துக்கொண்டுவிட்டது. மிஞ்சுவது ‘கிளையுரிமை’. பார்வைக்குக் கிளை, கையில் இருப்பது உரிமை மட்டும் என்று இரண்டையும் சொல்லிவிடுவதால் என் வாக்கு இதற்கே. கொடுப்பவர் உரிமை அளிப்பவர், எடுப்பவர் உரிமை பெற்றவர். ‘கோவொர்க்கிங்’குக்குக் ‘கூட்டுப் பணியிடம்’ என்றும் எழுதுகிறார்கள். ஆனால் அங்கே யாரும் கூட்டாக வேலை செய்வதில்லை, இடத்தைத்தான் பகிர்கிறார்கள்.

ஒரு நாடு முழுவதற்குமான உரிமையைத் ‘தலைமைக் கிளையுரிமை’ எனலாம். ரீஜஸ் என்ற பகிர்வுப் பணியிட நிறுவனத்தின் தாய் நிறுவனமான ஐடபிள்யூஜி, 2019இல் தன் ஜப்பான் தொழிலை டிகேபி என்ற நிறுவனத்துக்கு விற்றபோது கொடுத்தது இதைத்தான்.

உரிமை பெற்றவர் உரிமை அளிப்பவருக்குத் தொடர்ந்து செலுத்தும் ராயல்டியை ‘உரிமைத்தொகை’ என்று எழுதுபவர்கள், அது எதிலிருந்து கணக்கிடப்படுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெரும்பாலும் வருவாயில் இத்தனை விழுக்காடு என்றுதான் இருக்கும், லாபத்தில் அல்ல. மேசைகள் பாதி காலியாகி நஷ்டம் வந்த மாதத்திலும் அந்தத் தொகை போயாக வேண்டும். இந்தத் தொழிலில் இது கூடுதலாக உறுத்தும். கட்டடக் குத்தகை பல ஆண்டுகளுக்கு. மேசையை வாடகைக்கு எடுக்கும் உறுப்பினரோ மாத முன்னறிவிப்பில் கிளம்பிவிடலாம். 2023 நவம்பரில் வீவொர்க் என்ற பகிர்வுப் பணியிட நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டதற்கு நீண்டகாலக் குத்தகைச் சுமை ஒரு பெரிய காரணம். கிளையுரிமையில் அந்தச் சுமை உரிமை பெற்றவர் தலையில்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொன்று ‘மேலாண்மை ஒப்பந்தம்’. அதில் கட்டட உரிமையாளர் இடத்தைக் கொடுத்து உள்வேலைகளுக்கும் செலவழிக்கிறார். அன்றாடம் நடத்துவது நிறுவனம், அதற்குக் கட்டணமும் எடுத்துக்கொள்கிறது. கிளையுரிமையில் நடத்துவதும் நீங்கள்தான். விளம்பரத்தில் எந்தச் சொல் இருந்தாலும், ஒப்பந்தத்தில் குத்தகை யார் பெயரில், ஊழியர் சம்பளம் யார் கணக்கில் என்று பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும்.