கிளைமேட் சேஞ்ச்: காலநிலை மாற்றமா, பருவநிலை மாற்றமா?

'கிளைமேட்' என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. அங்கே 'கிளிமா' என்றால் சாய்வு. பூமத்திய ரேகையை விட்டு வடக்கே போகப் போக வெயில் சாய்ந்து விழும். அந்தச் சாய்வை வைத்துப் பழைய கிரேக்க நிலவியலாளர்கள் உலகைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கிளிமா என்றார்கள். பிறகு அந்தப் பட்டையின் வெயில், மழை, குளிர் எல்லாவற்றுக்கும் சேர்த்து அதுவே பெயராயிற்று. இன்றைய அறிவியலில், ஓர் இடத்தின் வானிலையை வழக்கமாக 30 ஆண்டுகளுக்குப் பதிந்து எடுக்கும் சராசரிதான் கிளைமேட்.

'குளோபல் வார்மிங்' வேறு, 'கிளைமேட் சேஞ்ச்' வேறு. பூமியின் சராசரி வெப்பம் ஏறுவது முதலாவது. அதனால் மழை, வறட்சி, புயல், பனி என எல்லாமே தடம் மாறுவது இரண்டாவது. 1975இல் அமெரிக்க விஞ்ஞானி வாலஸ் புரோக்கர் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இரண்டு கருத்துகளும் இருந்தன. 1988 ஜூனில் நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் அமெரிக்க செனட் குழு முன்னால் சாட்சியம் சொன்னபோது குளோபல் வார்மிங் பொதுமக்கள் வாய்க்கு வந்தது. அதே ஆண்டு ஐ.நா. ஆதரவில் அமைந்த அரசுகளுக்கிடையிலான குழு கிளைமேட் சேஞ்ச் என்பதைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டது. வெப்பம் ஏறவில்லை என்று தெரிந்ததும் விஞ்ஞானிகள் பெயரை மாற்றிக்கொண்டார்கள் என்று ஒரு பேச்சு உலவுகிறது. இந்த ஆண்டுகளைப் பார்த்தாலே அது பொய் என்று தெரியும்.

பெயரைக் கணக்குப் போட்டுப் பயன்படுத்தியது அரசியல்தான். 2002 வாக்கில் அமெரிக்கக் குடியரசுக் கட்சிக்காக ஃபிராங்க் லுண்ட்ஸ் என்ற ஆலோசகர் ஒரு குறிப்பு எழுதினார். குளோபல் வார்மிங் என்றால் மக்கள் பயப்படுகிறார்கள், கிளைமேட் சேஞ்ச் என்றால் அவ்வளவு பயமில்லை, ஆகவே அதையே சொல்லுங்கள் என்பது அவர் யோசனை. மக்கள் கருத்தை அறியக் கலந்துரையாடலுக்குக் கூட்டிவந்தவர்களில் ஒருவர் சொன்னதையும் அதில் சேர்த்திருந்தார்: கிளைமேட் சேஞ்ச் என்று கேட்டால் பிட்ஸ்பர்கிலிருந்து ஃபோர்ட் லாடர்டேலுக்குப் போவது போல இருக்கிறதாம். குளிரூரை விட்டுப் புளோரிடா கடற்கரைக்கு! அறிவியலில் இன்னும் முடிவு வரவில்லை என்பதையே முன்னால் நிறுத்துங்கள் என்றும் அதே குறிப்பு சொன்னது. எனக்கு அதிகக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். 2019இல் லுண்ட்ஸே செனட் குழு ஒன்றின் முன்னால் தான் அன்று செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டார்.

மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தச் சொல் விளையாட்டை அளந்து பார்த்தது. குளோபல் வார்மிங் உண்மையா என்று கேட்டபோது குடியரசுக் கட்சிக்காரர்களில் 44 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். கிளைமேட் சேஞ்ச் என்று மாற்றிக் கேட்டபோது அது 60 சதவீதமானது. ஜனநாயகக் கட்சிக்காரர்களிடம் எப்படிக் கேட்டாலும் 87 சதவீதத்தை ஒட்டியே பதில் வந்தது. பயத்தைக் குறைக்க ஒரு கட்சிக்குச் சொல்லிக்கொடுத்த சொல், அந்தக் கட்சிக்காரர்களை உண்மைக்குப் பக்கத்தில் கொண்டுவரவும் உதவியிருக்கிறது.

ஆனால் சொல்லை மட்டும் மாற்றினால் போதாது. டெக்சாஸில் பணியாற்றும் வளிமண்டல விஞ்ஞானி கேத்தரின் ஹேஹோ ஒருமுறை மேற்கு டெக்சாஸ் ரோட்டரி சங்கத்தில் பேசப் போனார். ரோட்டரிக்காரர்கள் எதையும் சோதித்துப் பார்க்கக் கேட்டுக்கொள்ளும் நான்கு கேள்விகள் அங்கே தொங்கிக்கொண்டிருந்தன: இது உண்மையா, எல்லோருக்கும் நியாயமா, நல்லெண்ணத்தை வளர்க்குமா, எல்லோருக்கும் பயன் தருமா? தயாரித்து வந்த பேச்சை அந்த நான்கு கேள்விகளின் வரிசையிலேயே மாற்றி அடுக்கிப் பேசினார். முடிந்ததும் ஒரு வங்கிக்காரர் வந்து, இந்த குளோபல் வார்மிங்கில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்ததில்லை, ஆனால் நான்கு கேள்விக்கும் தேறிவிட்டதே என்றாராம். கேட்பவர் ஏற்கெனவே மதிக்கும் ஒன்றிலிருந்து தொடங்கினார் ஹேஹோ. கட்சி பிரிந்து நிற்கும் ஊரில் பேச இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, தமிழுக்கு வருவோம். கிளைமேட் சேஞ்சுக்குப் பருவநிலை மாற்றம், காலநிலை மாற்றம் இரண்டும் புழங்குகின்றன. முதலாவதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. 'பருவநிலை மாற்றத்தால் சளி, காய்ச்சல் பரவுகிறது' என்று ஒவ்வோர் ஆண்டும் செய்தி வருகிறது. அங்கே அதன் பொருள் வெயில் போய் மழை வருவது, அவ்வளவுதான். நூறாண்டுக் கரியமில வாயுவின் விளைவுக்கும் அதே பெயர் வைத்தால், வருஷா வருஷம் நடப்பதுதானே என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். வானிலை அன்றாடத்துக்கு, காலநிலை நெடுங்காலத்துக்கு என்று பள்ளிப் புவியியல் பாடம் பிரித்தே சொல்லித்தருகிறது. தமிழ்நாடு அரசுத் துறையின் பெயரிலும் 2021 முதல் காலநிலை மாற்றம் இருக்கிறது. இலங்கைச் செய்திகளில் 'சீரற்ற காலநிலை' என்றால் அன்றைய மழையும் காற்றும். அங்குள்ள வாசகருக்கு எழுதும்போது மட்டும் இதைக் கவனிக்க வேண்டும்.

குளோபல் வார்மிங்குக்குப் 'புவி வெப்பமயமாதல்' பரவிவிட்டது. தனியார்மயம், நகரமயம் என்பவற்றில் வரும் 'மயம்' இதில் தேவையில்லை. புவி வெப்பமாதல் போதும். ஆங்கிலத்தில் 'வார்ம்' இதமான சொல், அன்பான வரவேற்புக்கும் அதுதான். 2019இல் 'கார்டியன்' நாளேடு வார்மிங்குக்குப் பதிலாக 'ஹீட்டிங்' என்பதை விரும்பத் தொடங்கியது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. மனம் குளிர்ந்தது, வயிறு குளிர்ந்தது, கண்ணுக்குக் குளிர்ச்சி என்று நல்லதெல்லாம் நம்மிடம் குளிர்ச்சியாகவும், வயிற்றெரிச்சல், மனக்கொதிப்பு என்று கெட்டதெல்லாம் சூடாகவுமே இருக்கின்றன. புவி வெப்பமாகிறது என்றாலே தமிழ்க் காதுக்கு அது நல்ல செய்தியாகப் படாது.

ஆக, வெப்பநிலை ஏறுவதைப் பற்றி எழுதினால் புவி வெப்பமாதல், அதன் விளைவுகளோடு சேர்த்து எழுதினால் காலநிலை மாற்றம், காய்ச்சல் செய்திக்குப் பருவ மாற்றம்.